வெறுங்காலால் பெடலைக் கேட்ட குத்தூஸ் பாய்க்கு

"ஏனுங்க மாமா, அப்பா மிதிச்ச பெடலு ஏன் எந்திரிக்க மாட்டீங்குது? தூங்கிருச்சுங்களா?"

ஈராண்டுக்கு முன், கிளட்ச் பழுதான வண்டியோடு நம் பணிமனைக்கு வந்த தாராபுரம் செங்கோடன் அவர்களின் ஆறு வயது மகள் ரித்திகா உங்களிடம் கேட்ட கேள்வி இது.

பெருமதிப்பிற்குரிய அப்துல் குத்தூஸ் அவர்களே! துடியலூர்ப் பணிமனையின் தூணே! இரும்போடு பழகியும் இளகிய இதயமே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களைப் பாராட்ட எழுந்து நிற்கிறோம். ஆனால் கோபத்தோடு நிற்கிறோம், பொறுத்தருளுங்கள்.

அந்தக் குழந்தை கேட்டதை எங்களில் எவரும் கேட்கவில்லை. கிளட்ச் செட்டையே மாற்ற வேண்டும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஜாப் கார்டு என்னும் வேலைச்சீட்டில் முன்பே எழுதியாயிற்று. எழுதிய எங்களில் ஒருவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை, கையெழுத்தும் இடவில்லை. நீங்களோ வழக்கம்போல் செருப்பைக் கழற்றி, பிஸ்மி சொல்லி, வெறுங்காலால் மூன்று முறை மிதித்தீர்கள். கனக்கும் பெடலுக்கு ஒரு நோய், அதிரும் பெடலுக்கு ஒரு நோய், எழாத பெடலுக்கு வேறு நோய் என்பது உங்கள் கால் அறிந்த கல்வி.

"தூங்கலீங்க அம்மணி. கீழ எங்கியோ ஆயில் ஒழுகிப்போட்டு, தள்ளி உட ஆளில்லாம கெடக்குது" என்றீர்கள்.

"கார்டுல எழுதியாச்சுங்க பாய், கழட்டுங்க" என்றோம் நாங்கள்.

"கை எழுதிருச்சு, சரிங்க. காலு என்ன சொல்லுச்சுன்னு கேட்டீங்களா?"

ஒழுகிய சிறு சிலிண்டர் ஒன்றை மட்டும் மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினீர்கள். மதியத்துக்குள் பெடல் எழுந்தது; ரித்திகா கைதட்டினாள்.

அதற்குக் கிடைத்த பரிசு ஒரு மெமோ! கார்டில் எழுதிய வேலையை மீறினீர்களாம்! நல்ல பாகத்தைக் கழற்ற மறுப்பது எந்த ஊரில் குற்றம்? அந்த ஒரு தாளால் ஃபோர்மேன் பதவி உங்களைத் தாண்டிப் போனதே, இது அடுக்குமா? அதைவிடக் கொடியது எங்கள் மௌனம். கார்டை எழுதியது யார் என்று அலுவலகம் கேட்டபோது, "பாத்தது நான், பதில் சொல்றதும் நானுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். எழுதியவன் உங்கள் அருகிலேயே தலை கவிழ்ந்து நின்றான். மறுநாளும் அவனுக்கு உங்கள் டிபன் பாக்ஸிலிருந்து பாதி கொடுத்தீர்கள்.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், நோகாத முழங்கால்களும், நிம்மதியான தொழுகையும் அருளட்டும்!

இன்னும் ஒன்று. அந்த மெமோவை அலுவலகம் இவ்வாரம் ரத்து செய்துவிட்டது. ரத்து ஆணையையும், அன்றைய ஜாப் கார்டையும் இன்று காலை, ஷெட் திறந்த கையோடு, யாரும் வருமுன், ஆணியில் தொங்கிய உங்கள் காக்கிச் சட்டைப் பையில் ஒருவன் வைத்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பாருங்கள். கார்டில் இப்போது கையெழுத்து இருக்கிறது.

என்றும் உங்கள்,
துடியலூர்ப் பணிமனைத் தோழர்கள்