மலையின் பாரத்தில் தண்ணிக்குக் கழித்த கதை

மலைமுகட்டிலே புதுமாளிகை கண்டு மகிழ்ந்து வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! கொழும்பிலிருந்து வளைவு வளைவாக ஏறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து வந்து சேர்ந்திருக்கும் ஆய்வு நிலைய அதிகாரிகளே! தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவர்களே! மைக்கை இரவல் தந்துவிட்டு, அதற்கு என்ன ஆகுமோ என்று முன்வரிசையிலே பதறிக்கொண்டிருக்கும் மஃறூப் நானா அவர்களே! பெரியோர்களே! கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி ஜீவராணியின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

இந்தப் புதுக்கட்டிடத் திறப்பு விழாவிலே எனக்குக் கொடுத்த வேலை நன்றியுரை. யாருக்கு நன்றி? ஒரு மிஷினுக்கு! என்ன மிஷின்? மண் வெட்டாது, மா அரைக்காது, கொழுந்து வாட்டாது. பூமித்தாய் நம்மைக் கீழே இழுக்கிறாளே, அந்த இழுவை கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணிமைக்காமல் அளந்துகொண்டே இருக்கும். நிலா எழுந்தால் நம்பர் அசையும். அடியிலே தண்ணீர் சேர்ந்தால் நம்பர் ஏறும். சிரிக்காதீங்க பேச்சியம்மா அக்கா, நெசமாத்தான்! நிலக்ஷி மிஸ் சொல்லித்தான் சொல்றேன். நிலக்ஷி மிஸ்தான் இந்த மிஷினுக்குப் பொறுப்பான என்ஜினியர்.

போன வருடம் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, பழைய ஸ்டோர் அறையிலே அதை வைத்தார்கள். அங்கே சிக்னல் இல்லை. தினமும் நம்பரைப் பார்த்து, மேட்டிலே ஏறி நின்று போனிலே கொழும்புக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யாரைப் போட்டார்கள்? முப்பது வருடம் மடுவக் கொட்டகையிலே தராசு பிடித்து நம் கொழுந்தை நிறுத்த ஆண்டியப்பன் கணக்கப்பிள்ளை அவர்களை! பொய் சொல்லாத மனிதர், ஒருநாளும் லீவு போடாத மனிதர். கை தட்டுங்க, தட்டுங்க. மீதியைக் கேட்டபிறகு தட்டமாட்டீங்க!

வைகாசி முடிந்து மழை பிடித்தது. சாதாரண மழையா? பதினெட்டு நாள் அடைமழை! மலையெல்லாம் நனைந்தது, மரமெல்லாம் நனைந்தது, கொழும்புக்குப் போன நம்பர் மட்டும் நனையவே இல்லை. நிலக்ஷி மிஸ் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயா, இந்த மழையில நம்பர் ஏன் ஏறாம நிக்குது?"

"ஏறிச்சுங்க மிஸ், நல்லாத்தான் ஏறிச்சு. நான்தான் கழிச்சேன்."

"எதுக்குக் கழிச்சீங்க?"

"மழைநாள்ல தண்ணிக்குக் கழிக்காம விட்டா அது கணக்காங்க? நாளுக்கு அஞ்சு கழிச்சேன்."

அடேயப்பா! முப்பது வருடம் எங்கள் ஈரக் கொழுந்திலே கழித்தீர்கள், பொறுத்தோம். எங்களோடு வாதாடினீர்கள், பொறுத்தோம். மலையிலுமா அண்ணே கழிப்பீங்க? மலை என்ன கூடை தூக்கிக்கிட்டு வரிசையிலயா நின்னுச்சு? தலையைக் குனியாதீங்க. லயம் காலி பண்ணிய அன்னைக்குக் கிழவிகளையெல்லாம் தோளிலே தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தான், அதையும் நான் மறக்கவில்லை.

கழித்ததையெல்லாம் மிஸ் கூட்டிப் பார்த்தார். பிறகு வழுக்கி வழுக்கி எங்கள் லயத்துக்கு ஓடிவந்து, "அக்கா, எல்லாரையும் வெளியே கூப்பிடுங்க, மலைக்குள்ள தண்ணி ரொம்பிருச்சு!" என்று கத்தினார். ஒரு மணிக்கு இருபத்திரண்டு குடும்பமும் வெளியே வந்தோம். நாலு மணிக்கு மலை வந்தது. என் அடுப்பு போனது, என் பிள்ளைகளின் புத்தகம் போனது, லயமே போனது. உயிர் ஒன்றும் போகவில்லை. அதற்காக இந்த மிஷினைக் கும்பிடச் சொன்னாலும் கும்பிடுவேன்!

ஆனால் தலைவர் அவர்களே, ஸ்டோர் சுவரிலும் வெடிப்பு விட்டதே, மிஷினுக்கு என்ன செய்தீர்கள்? மூன்றே மாதத்திலே எழுந்தது இந்தப் புதுவீடு, திறப்பு விழா மட்டும்தான் இன்றைக்கு! ஒழுகக் கூடாதாம், ஒழுகவில்லை. ஆடக் கூடாதாம், ஆடவில்லை. குளிரக் கூடாதாம், குளிரவில்லை. எங்களுக்கு? பதினொரு மாதமாக மடுவத்திலே, சாக்கு மறைப்பிலே இருபத்திரண்டு குடும்பம்! குளிருக்கும் மழைக்கும் பயப்படுகிற உடம்பு மிஷினுக்கு மட்டும்தான் இருக்கிறதா?

என்ன மிஸ், மிஷின் அறையிலிருந்து ஓடிவர்றீங்க? நம்பர் இறங்குதா? திடீர்னு இறங்குதா? அதிகாரிகள் பதற வேண்டாம். பந்தலை விட்டு வெளியே வந்து, மெதுவாக அண்ணாந்து பாருங்கள். ஆமாம், புதுக்கட்டிடத்தின் கொங்கிரீட் கூரைத் தட்டிலேதான்! நான் பேசிக்கொண்டிருந்தபோதே இருபத்திரண்டு குடும்பமும், பாயோடும் பானையோடும் பின்பக்க ஏணியிலே ஏறிவிட்டார்கள். தலைக்குமேலே பாரம் ஏறினால் மிஷினுக்கு இழுவை குறையுமாம். நாங்கள் படித்ததில்லை, மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

மனு கொடுத்தோம், அசையவில்லை. மறியல் செய்தோம், அசையவில்லை. இன்றைக்கு உங்கள் நம்பர் அசைந்திருக்கிறது! வீடு கட்ட நிலம் எங்களுக்கென்று எழுதிய காணி உறுதி கைக்கு வரும்வரை நாங்கள் இறங்கமாட்டோம். ஏன் குறைந்தது என்று கொழும்பிலே கேட்டால், நிலாவென்று எழுதாதீர்கள், மழையென்று எழுதாதீர்கள். மனுசங்க இருக்காங்கன்னு எழுதுங்க!

வந்தவர்களுக்கும், பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், இன்னமும் உடையாத மைக்குக்கும் நன்றி. தேத்தண்ணி ஊத்தியிருக்கு, குடிச்சிட்டுப் போங்க. எனக்கு நேரமில்லை, ஏணியைப் பிடிங்க, நானும் ஏறணும். வணக்கம்!