மழை நாளில் காய்ந்த மிளகு

அவைக்கு அழகு சேர்த்துத் தலைமை தாங்கும் அதிபர் ஜுனைதீன் அவர்களே, அருகமர்ந்த ஆசிரியப் பெருந்தகைகளே, வஹகோட்டையிலிருந்தும் பலாபத்வலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, மிளகுப் பாயைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தரையில் அமர்ந்து என்னை அளந்துகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அந்தோனிமுத்துவின் பணிவான வணக்கமும் ஸலாமும்.

இந்தப் புதிய விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றிப் பேச என்னை விடத் தகுதியானவர்கள் உண்டு. தவறிவிடக் கூடாது என்று எழுதி வந்திருக்கிறேன். சத்தம் போதாது என்கிறீர்களா? சரி, ஒலிவாங்கியைக் கிட்ட வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பின்னும், ஆசிரியர் குறைவு என்பதால், தரம் ஒன்பதுக்கு வந்து பாடம் எடுக்கிறேன். தரவுகளைச் சேகரித்து விளக்கம் காணும் பாடம். பத்துப் பிள்ளைகள். ஐந்நூறு கிராம் பச்சை மிளகை வீட்டில் காயவைத்து, ஏழு நாள் தராசில் நிறுத்து, வரைபு கீறி வரச் சொன்னேன். சிறந்த வரைபு கீறியவர் பாடசாலைகளுக்கிடையிலான விஞ்ஞானப் போட்டிக்குப் போவார். ஒரே ஒருவருக்குத்தான் இடம்.

அங்கே ஒரு பிழை செய்தேன். அவர்கள் நிறுப்பதற்கு முன்பே, நிறை எப்படி இறங்கும் என்று நீல வெண்கட்டியால் பலகையில் ஒரு கோடு கீறிக் காட்டினேன். அழகான கோடு. அளவான கோடு. எவரும் அசைக்க முடியாத கோடு.

ஒன்பது பேர் அதே கோட்டைக் கொண்டு வந்தார்கள். ஸஹ்ரா என்ற மாணவி மட்டும் வேறொன்று கொண்டு வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மூன்றாம் நாள் முந்நூற்று முப்பத்தைந்து கிராம், நான்காம் நாள் முந்நூற்று ஐம்பது. காயும் மிளகு கனக்குமா? கேட்டேன்.

"மழ பேஞ்சிச்சு சேர். உம்மா கடைக்குப் போயிருந்தாங்க. நான் ஓடிப்போய் அள்ளுறதுக்குள்ள நனஞ்சிட்டு."

"காரணம் கேட்கவில்லை பிள்ளை, நிறையைத்தான் கேட்டேன்," என்றேன். பத்துக்கு மூன்று போட்டேன். அந்த ஒன்பது பேரில் அழகாகக் கீறிய ஷிஹாமுக்குப் பத்து. போட்டிப் படிவத்தில் அவன் பெயரை எழுதினேன். அவள் கொப்பியை மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றாடம் நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். படிவத்தை அனுப்புவதற்கு முதல் நாள், தேதி சரிபார்க்க அதைப் புரட்டினேன். மிளகு காயவைத்த மூன்றாம் நாள், புதன்: மழை, குடையை மறந்தேன். நான்காம் நாள், வியாழன்: நாள் முழுதும் மழை. என் கையெழுத்து. என் குடை. நான் நனைந்த அதே மழையில் ஒன்பது வீட்டு மிளகு எப்படிக் காய்ந்தது? ஒரே ஊரில், ஒரே வானத்தின் கீழ், ஒன்பது முற்றத்துக்கு மட்டும் வெயில் எங்கிருந்து வந்தது?

மறுநாள் வகுப்பில் கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷிஹாம்தான் எழுந்தான்.

"வேற மாதிரி எழுதினா, சேர் கீறினது பிழையாப் போயிருமே சேர்."

ஏமாற்ற எண்ணிச் செய்யவில்லை அவர்கள். என் மானத்தைக் காக்க எண்ணிச் செய்தார்கள். இருபத்தொன்பது வருடம் இப்படி எத்தனை பிள்ளைகள் என்னைக் காப்பாற்றினார்களோ, எனக்குத் தெரியாது. அது எந்தக் குறிப்பிலும் இல்லை.

பலகையில் இருந்த கோட்டை அழித்தேன். ஸஹ்ராவுக்குப் போட்ட மூன்று புள்ளியையும் அழித்தேன். எல்லோருக்கும் முன்னால் "நான் பிழை" என்று சொன்னேன். படிவத்தில் இனி யார் பெயரை எழுதுவது என்று கேட்டதும் ஷிஹாம் சொன்னான்:

"அவளயே அனுப்புங்க சேர். எங்க வீட்டுல மொளகே இல்ல."

சிரியுங்கள், அன்று நாங்களும் சிரித்தோம்.

ஸஹ்ரா போனாள். பரிசு கிடைத்ததா என்கிறார் முன்வரிசையில் ஒருவர். இல்லை ஐயா. கோடு சீராக இல்லை என்றாராம் நடுவர் ஒருவர். திரும்பி வந்து என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்:

"அவங்களுக்கு மழ பேஞ்சது தெரியாதா சேர்?"

அவள் வரைபின் அடியில், புதன், வியாழன் என்ற இரண்டு நாட்களுக்கும் கீழே, "மழை" என்று என் கையால் எழுதி ஒப்பமிட்டேன். சாட்சி சொல்ல நனைந்தவன் ஒருவனாவது வேண்டுமே.

அந்த வரைபைத்தான் இப்போது இந்த ஆய்வுகூடச் சுவரில் முதலாவதாக மாட்டப் போகிறோம். ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எண்களோடு வரும்வரை பலகை வெறுமையாக இருக்கட்டும். பிள்ளைகளே, மிளகு கனத்தால் கனத்தது என்றே எழுதுங்கள். எங்கள் கோடு பிழையாகிப் போனால் போகட்டும். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. ஸஹ்ரா, ஆணியை நான் பிடிக்கிறேன், நீ மேலே வா, மகள். அனைவருக்கும் என் வணக்கம்.