செருப்பைக் கழற்றிய கோச்

அமெரிக்காவில், பேர்லேண்ட் ஊர்க் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். அம்மனை நினைக்க வேண்டிய நேரத்தில், முன்னால் நின்ற கணவன் மனைவியின் பேச்சுதான் காதில் விழுந்தது.

“அந்த ஃபுட்பால் கோச் நம்ம வீட்டு வாசல்ல சொல்லாமலே ஷூவைக் கழட்டினான் பாரு, அப்பவே எனக்கு டவுட்,” என்றார் கணவர்.

“மரியாதை தெரிஞ்ச மனுஷன். அதுவும் குத்தமாங்க?”

“இந்தியன் வீட்டுக்குப் போனா இப்படி நடந்துக்கோன்னு எவனோ ட்ரெயின் பண்ணி அனுப்பியிருக்கான். அவன் காலேஜ்ல ஆடினா நம்ம அருண் ப்ரொஃபஷனல் ப்ளேயர் ஆயிடுவானாம். அப்படி ஆன பசங்க போட்டோவைக் காட்டினான். கூட ஆடின மத்த பசங்கள்லாம் இப்ப எங்கேன்னு கேட்டேன். பாயசம் பிரமாதம்ங்கறான்!”

“பாயசம் நல்லாத்தானே இருந்தது?”

“அங்க இன்ஜினியரிங்கே கிடையாது. நாளைக்கு அவன் குடுத்த பேப்பர்ல நான் சைன் பண்ணிட்டா அந்தப் படிப்பு போச்சு. முட்டி உடைஞ்சா இவனா வந்து பார்ப்பான்?”

“பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடலைங்க.”

அவர் தட்டிலிருந்த தேங்காயை நேராக்கி வைத்தார். பிறகு, “சரி, சைன் பண்றேன்,” என்றார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் முறை வந்தது. யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார்.

“அருண், ரோகிணி நட்சத்திரம்,” என்றார் அம்மாள்.

“அந்தக் கோச் பேரையும் சேர்த்துக்கோங்க சாமி,” என்றார் கணவர். “மைக். நட்சத்திரம் தெரியாது. சொன்ன வாக்கைக் காப்பாத்தற புத்தியை அம்பாள் அவனுக்குக் குடுக்கட்டும்.”