நாகம்மை சிலேட்டுக்கு ஒரு அடையாளம்

— அந்த மீனக் கீழ வச்சிருங்க மைனி, வாலு இன்னும் முடியல்ல. நூலு இழுபட்டா மொத்தமும் பிரிஞ்சு போவும்.

— மீனா இது? நான் புளியங்கான்னுல்லா நெனச்சேன்! என்ன கோலம் ஏட்டி நாயகி இது? வீடு முழுக்க கம்பிளி நூலு, கால் வைக்க எடமில்ல பாத்துக்கோ. நாளான்னைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கு, டீச்சரம்மை இங்க பொம்ம பின்னிட்டு இருக்கா.

— பொம்ம இல்ல மைனி, சிலேட்டுல கட்டுகதுக்கு. ஒண்ணாங்கிளாசுல எல்லாப் பிள்ளையளு சிலேட்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எழுத்தே தெரியாததுகளுக்குப் பேர எழுதி வச்சு என்ன பிரயோசனம்? போன வருசம் மணவாளக்குறிச்சியில தெனமும் சிலேட்டுக்குத்தான் அடிபிடி. அதான், சட்டத்துல ஒரு ஓட்டையப் போட்டு, ஆளுக்கொரு அடையாளம். ஒருத்திக்கு மீன், ஒருத்தனுக்கு மாங்கா, ஒருத்திக்குப் பிச்சிப்பூ.

— கொள்ளாமே! இந்தக் கொக்கி ஊசி வித்தையெல்லாம் ஒனக்கு ஆரு சொல்லித் தந்தா?

— ட்ரெயினிங்ல ஜெபகுமாரி டீச்சர். நாகுவப் பெத்து அஞ்சு மாசத்துல அண்ணன் கையிலயும் ஒங்க கையிலயும் தந்திட்டுப் போனேன்லா? பொழுது சாஞ்சா போரும், பிள்ள நெனப்பு வந்து ஹாஸ்டல் வராந்தால இருந்து அழுவேன். ‘கைக்கு ஒரு சோலி இருக்கட்டும்’னு ஊசியும் நூலும் தந்தாவ. அன்னைக்கு எடுத்ததுதான், இன்னும் கீழ வைக்கல்ல.

— செரி செரி, பழசையெல்லாம் எதுக்குக் கிண்டிக்கிட்டு. பள்ளிக்கூடத்துக் கூர ஓட்ட மாத்தியாச்சா? எடவப்பாதி மழ இந்தா வந்தாச்சு.

— எங்க மாத்த? பெரிய சார் மேல எழுதிப் போட்டா, ‘ஐப்பசியில ஒங்க தாலுக்காவே மெட்ராசு ராஜ்யத்தோட சேரப் போவுது, அங்க கேட்டுக்கிடுங்க’ன்னு பதில் வருது. மழ பெஞ்சா ஒண்ணாங்கிளாசும் ரெண்டாங்கிளாசும் ஒரு மூலையில ஒண்டிக்கிட வேண்டியதுதான். எனக்கு ஓடு ஒழுகுகது பெரிசில்ல மைனி. புதுசா வாற மெட்ராசு ஆப்பீசரு என்னையத் தூக்கி அருமனைக்கோ எங்கயோ போட்டிட்டாருன்னா? அஞ்சு வருசம் கடல் காத்துல கெடந்து, காணாதவனையெல்லாம் கண்டு கெஞ்சி இந்த ஊருக்கு மாத்தம் வாங்கினது எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?

— தெரியாமலா?

— நாகு என் கிளாசுல இருப்பா. காலத்த வந்தா சாயங்காலம் வரைக்கும் எங்கண்ணு முன்னால. ‘டீச்சர், டீச்சர்’னு கையத் தூக்குவா. அம்மைன்னு கூப்பிட வேண்டாம், டீச்சர்னு கூப்பிட்டாப் போரும்னு மனசுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

— அவளுக்கு என்ன பின்னியிருக்க? காட்டு பாப்போம்.

— அவளுக்குள்ளது... இன்னும் முடியல்ல.

— இது நல்ல கதையா இருக்கே! ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் பின்னியாச்சு, நம்ம பிள்ளைக்கு இல்லியா?

— பின்னுகதும் பிரிக்கதுமா இருக்கேன் மைனி. மொதல்ல ஒரு கிளி பின்னினேன். சிவப்பு மூக்கும் பச்ச வாலுமா அப்பிடி அமைஞ்சு போச்சு. எனக்கே பயம் வந்திட்டு. ‘அத்தக்காரி மருமவளுக்கு மட்டும் கிளி பின்னியிருக்கா பாரு’ன்னு ஒருத்தி தொடங்குவா, பேச்சு அதோட நிக்காது. பிரிச்சிட்டேன். பொறவு சும்மா ஒரு வட்டம் பின்னினேன். மத்த பிள்ளையளு கையில மீனும் பூவும் ஆடும்போ இவ அந்த வட்டத்த வச்சிட்டு முழிப்பாளேன்னு நெனச்சேன், நெஞ்சு பொறுக்கல்ல. அதயும் பிரிச்சேன். இந்தா, நூலு சுருண்டு கெடக்கு பாருங்க.

— ஒனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு ஏட்டி.

— கிறுக்குத்தான். ஒண்ணு கேக்கட்டா மைனி? கோவப்படப்பிடாது.

— கேளு.

— நம்ம பள்ளிக்கூடத்துல மொத நாளு தாம்பாளத்துல அரிசியப் பரத்தி ‘அ’ எழுதிப்பிக்கணும்லா? அம்மைமாரு பிள்ளைய மடியில வச்சுக்கிடுவாவ, டீச்சர் வெரலப் பிடிச்சு எழுதுவா. மடி ஒங்களது, அதுல நான் பங்கு கேக்கல்ல. வெரல மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிச்சுக்கிடட்டா? மத்ததுகளுக்கு ஒரு ‘அ’ன்னா இவளுக்கு ரெண்டு எழுதுகேன். ஆரு பாக்கப் போறா? என்ன மைனி, கோவமா?

— கோவம் ஒண்ணுமில்ல. நாயகி, அன்னைக்கு மடியிலயும் நீயே வச்சுக்கோ.

— என்னது?

— வெரல பெரிய சார் பிடிக்கட்டும். நீ மடியில வச்சுக்கோ.

— வெளையாடாதிங்க. ஊரு முன்னாலயா? ‘ஒரு பிள்ளைக்கு ரெண்டு அம்மை வேண்டாம், வந்தா அத்தையா வா, அத்தையாப் போ’ன்னு நட வாசல்ல வச்சு சொன்னது நீங்கதான? அந்த ஒரு சொல்லுக்குத்தான் அண்ணன் வீட்ட விட்டுட்டு இந்த வாடகை வீட்டுல கெடக்கேன். இப்பம் என்ன வந்தது? ஒடம்புக்குக் கொள்ளல்லியா? மொகமும் வெளுத்துப் போயில்லா இருக்கு.

— காலத்த குடிச்ச கஞ்சி நிக்கல்ல. நேத்தும் நிக்கல்ல.

— மைனி!

— ஆமா. கலியாணம் கழிஞ்சு இத்தன வருசத்துக்குப் பொறவு. தல நரைக்கப் போற காலத்துல. வெளிய சொல்ல வெக்கமாட்டு இருக்கு பாத்துக்கோ.

— இதுல என்ன வெக்கம்! பகவதி இப்பமாவது கண்ணத் தொறந்தாளே! அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சதுதான் வினை. ‘நமக்குன்னு ஒண்ணு வருது. தங்கச்சி பிள்ளைய தங்கச்சிகிட்ட குடுத்திருவோம். பாவம், அவளும் ஒத்தையிலதான கெடக்கா’ங்காரு. நல்ல காரியம் செய்யுகதா அவருக்கு நெனப்பு. பள்ளிக்கூடம் தொறக்க அன்னைக்கே ஒங்கிட்ட விட்டிரணுமாம். நீயே சொல்லு ஏட்டி, வயித்துல ஒண்ணு ஏறினா இடுப்புல இருக்கத எறக்கி விட்டிரணுமா?

— நாகு... எங்கிட்டயா? எங்கூடவே இருக்கவா?

— ஒம் மொகத்தப் பாரு. எப்பிடி தெளிஞ்சிட்டு! நான் இனி எந்த வாய வச்சுக் கேப்பேன்?

— என்ன கேக்கணும்? சொல்லுங்க.

— வேண்டாம்னு சொல்லு. நாளைக்கு ஒங்கண்ணன் இங்க வருவாரு. ‘பள்ளிக்கூடச் சோலிக்கு எடையில என்னால பாத்துக்கிட முடியாது’ன்னு ஒரு வார்த்த சொல்லு. நீயே வேண்டாம்னா அவரு என்ன செய்வாரு? அவ எஞ்செவியப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஒறங்குவா நாயகி. காய்ச்சல்ல பெனாத்தினாலும் என்னையத்தான் விளிப்பா. பெத்தது நீதான், நான் இல்லேங்கல்ல. ஆனா நான் இல்லாம அவளும், அவ இல்லாம நானும் எப்பிடி இருப்போம்?

— கெட்டினவிய செத்த துக்கம் ஒருபக்கம், பாலு கட்டின வலி ஒருபக்கம், அழுதுக்கிட்டே பஸ் ஏறினவ மைனி நான். அவ ஒங்கள அம்மைன்னு விளிக்கும்போல்லாம் சிரிச்ச மொகத்தோட நின்னேன். தானா வந்து மடியில விழப்போறத, வேண்டாம்னு எந்நாக்காலயே சொல்லணுமா? எனக்கு வேணும். ராத்திரி எஞ்செவியையும் ஒருத்தி பிடிக்கணும். எனக்கு அவ வேணும் மைனி.

— அழாத மக்கா. நான் கேட்டிருக்கப்பிடாது. வாறேன், நாகு தேடுவா.

— இரிங்க. அழுதா அழுதுட்டுப் போறேன், நீங்க இரிங்க. பெத்தது நீதான்னு ஒங்க வாயால இன்னைக்குத்தான் கேக்கேன். ஒண்ணு கேக்கட்டா? பேறுகாலத்துக்கு எங்க போவிய? மொதப் பேறுக்குத் தாய் வீட்டுக்குல்லா போணும்?

— எனக்கு ஏது தாய் வீடு? அம்மை போயாச்சு. தம்பி கொளும்புல கெடக்கான். ஒங்கண்ணன் வீட்டு அறையிலயே கெடந்து பெத்துக்கிட வேண்டியதுதான். இப்பம் எதுக்கு அந்தப் பேச்சு? அவரு வந்தா நீ என்ன சொல்லப் போற, அதச் சொல்லு. வேண்டாம்னா, வேணும்னா?

— வேணும்னுதான் சொல்லுவேன். ‘ஆனா பிள்ளைய மட்டும் கொண்டு விட்டா வாங்க மாட்டேன் அண்ணா, பேறுகாலத்துக்கு அவ அம்மையயும் சேத்து இங்க கொண்டு விடு’ன்னு சொல்லுவேன்.