முன் சக்கரத்துக்கு ஒரு கைத் தண்ணீர்

ஹரிணி, கவின். அப்பா ஓடிக்கொண்டிருக்கிறேன்.

செம்மண் தரை. உச்சி வெயில். எனக்கு முன்னால் பெண்கள் ஓடுகிறார்கள். மஞ்சள் கேன்கள் தரையில் உருள்கின்றன. யாருடைய கேன் என்று யாரும் பார்க்கவில்லை. என் காதுக்குள் ஒரே இரைச்சல். அதையும் மீறி மேலே ஒரு விசில். நீளமான விசில். கிட்டே வர வர அது தடிக்கிறது.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"படுங்கண்ணா! படுங்க!"

படுக்கிறேன். முழுதாகப் படுத்து முடிக்கவில்லை. அதற்குள் மண் மழையாகக் கொட்டியது. வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வலது காலைப் பார்த்தேன். முட்டியோடு அது வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. வேறு யாருடைய காலோ போல.

அப்பாவுக்கு ஆப்பிரிக்காவில் ஆக்சிடென்ட் என்று அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆக்சிடென்ட் இல்லை. சண்டை. அந்த நாட்டுப் பட்டாளமே இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை. போர்வெல் போடப் போனவர்கள். எனக்குப் பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. தெரிந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ரிக் வண்டி கப்பலில் போனது. நாங்கள் விமானத்தில் போனோம். துளை போடுவது நான். கம்பரசர் மயில்சாமி பொறுப்பு. பெருந்துறைக்காரன். என்னைவிட இளையவன். வண்டி ஓட்டுவது யூசுப். அந்த ஊர்க்காரன். தமிழ் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கம்பரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ரிக் வண்டியில் எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கை மேலே பார்த்தால் துளைக்கிற ராடைத் தூக்கு. கீழே பார்த்தால் இறக்கு. கையை மூடினால் அப்படியே நில். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குறுக்கே வைத்தால் கம்பரசரை அணை. யூசுப் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான்.

எங்கள் வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. துளையில் தண்ணீர் வந்ததும் ஆளுக்கு ஒரு கை அள்ள வேண்டும். வண்டியின் முன் சக்கரத்தில் ஊற்ற வேண்டும். யாராவது காய்ச்சலில் படுத்திருந்தால் அவருக்கும் சேர்த்து இன்னொருவர் ஊற்றுவார். அதுவரைக்கும் கம்பரசரை அணைக்க மாட்டோம். அணைத்தால் அடுத்த துளை பொய்த்துவிடும் என்பார்கள். தாராபுரம் பக்கத்துக் காட்டிலும் அப்படித்தான் செய்தோம். கடல் தாண்டிப் போயும் அப்படித்தான் செய்தோம்.

அன்றைக்குத் தண்ணீர் வந்தது. முதலில் புழுதி. பிறகு சேறு. பிறகு பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. சனங்கள் கேன்களோடு ஓடிவந்தார்கள். மயில்சாமி சட்டையோடு நனைந்துகொண்டு ஆடினான். முகத்தில் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

முதல் குண்டு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பரசர் இரைச்சலில் கேட்கவில்லை. யூசுப் பார்த்துவிட்டான். தூரத்தில் புகை எழும்பியிருக்கிறது. லாரிக் கதவைத் திறந்து குதித்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குறுக்கே வைத்தான். அணை. அணை. மயில்சாமி அவனைப் பார்த்துச் சிரித்தான். கையை ஆட்டினான். பொறு, சக்கரம் முடியட்டும் என்று அர்த்தம். இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினான். சிந்தாமல் முன்பக்கம் நடந்தான்.

அடுத்தது பக்கத்தில் விழுந்தது. தரை எழும்பி அடங்கியது. கம்பரசரில் குண்டுச் சில்லு பாய்ந்திருக்க வேண்டும். ஒரு இழுப்பு இழுத்துத் தானாக நின்றது. அப்போதுதான் விசில் கேட்டது. நான் ஓடினேன். மயில்சாமி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். கையில் தண்ணீர். எனக்குத்தான் கத்தினான். அவன் படுக்கவில்லை.

படுடா என்று கத்தியிருந்தால் மூன்று எழுத்து மிச்சம். அந்த நேரத்திலும் மரியாதையை விடவில்லை. படுங்கண்ணா என்றான்.

என்னைத் தூக்கி ஒரு வண்டியில் போட்டது யூசுப். மூட்டைகளுக்கு மேல் கிடந்தேன். அவன் கூட வரவில்லை. தன் சனங்களைத் தேடித் திரும்பி ஓடினான். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு இன்னொரு ஆஸ்பத்திரி. தொடை எலும்பின் அடியில் பிளேட் வைத்தார்கள். பிறகு கோயம்புத்தூர் விமான நிலையம். சக்கர நாற்காலி. கவின், நீ அப்பாவைப் பார்த்ததும் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாய்.

இனி வருவதும் சண்டைதான். ஆனால் சத்தம் இல்லாத சண்டை.

ஊட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்தன. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"கால அசைக்காதீங்க மாப்ள. சும்மா படுங்க."

யாரோ முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தார்கள். சுகமாக இருந்தது. அடுத்து வந்தவர் இன்னொன்று வைத்தார். உங்கள் அம்மா நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து மாற்றினாள். எல்லாம் பிரியம்தான். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தேன். தலையணை மேல் பாதி மடங்கிய கால். வலி குறைந்தது. குறைந்தது என்று சந்தோஷப்பட்டோம். உள்ளே கால் பூட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

தாராபுரத்தில் காட்டியபோது முட்டி நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. டாக்டர் படத்தைப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது என்றார். பிறகு முட்டியை மடக்கப் பார்த்தார். முகம் மாறியது. பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கேதான் கௌசல்யா அம்மணி. உடுமலைப்பேட்டைக்காரர். சின்ன வயசு. கை மட்டும் இரும்பு.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல முட்டிக்கடியில தலகாணி வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க அம்மணி. சுகமா இருந்துச்சுங்க."

"சுகமாத்தான் இருக்கும். அந்தத் தலகாணிதான் உங்க கால இப்படிப் பண்ணிப்போடுச்சு. இன்னைக்கே எடுத்துக் கடாசுங்க."

உங்கள் அம்மா அழுதாள். நான்தானே வைத்தேன் என்றாள். அம்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க அழுதா அண்ணன் கால் மடங்கீருமா? மடங்கும்னா நானும் ஒக்காந்து அழுவறேன்." அம்மா அழுகையோடு சிரித்தாள். அம்மணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். முட்டியைச் சுற்றிச் சதை ஒட்டிக்கொண்டு வருகிறது. முழுதாக இறுகிவிட்டால் கையால் ஒன்றும் செய்ய முடியாது. இறுகிக்கொண்டேதான் இருக்கிறது.

அந்த வார்த்தை என் கூடவே ஊட்டுக்கு வந்தது. சோறு தின்னும்போதும் நினைப்பேன். இப்போதும் இறுகிக்கொண்டிருக்கிறது.

ஹரிணி, நீ சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாயே, நினைவிருக்கிறதா? தரையில் பவுடர் கொட்டுவோம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்வேன். குதிகாலைத் தரையோடு தேய்த்து உடம்புப் பக்கம் இழுப்பேன். எதுவரை வருகிறதோ அங்கே நீ கோடு போடுவாய். விளையாட்டு என்று நினைத்தாய். அப்பா மறுபடி நடப்பேனா என்பதுதான் அந்தக் கோடு. சில நாள் விரல் அகலம் முன்னேறும். சில நாள் பழைய கோட்டிலேயே நிற்கும். கோணலாகப் போட்டால் அப்பா உன்னைத் திட்டியது அதனால்தான்.

வலியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. வலித்தால் நிறுத்து என்றுதான் தெரியும். அம்மணி வேறு சொன்னார். இழுக்கிற வலி ஒன்று. செய்யும்போது இருக்கும், விட்டதும் சிறிது நேரத்தில் இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். குத்துகிற வலி இன்னொன்று. முட்டி வீங்கிச் சூடாகும், மறுநாள் காலையிலும் விடாது. அது வந்தால் நிறுத்தச் சொன்னார். எனக்கு அது உடனே பிடிபட்டது. ராடு கல்லைத் தின்னும்போது ஒரு அதிர்வு. ராடு முறியப் போகும்போது வேறு அதிர்வு. கை வைத்தால் தெரியும்.

கோடுகள் நகர்ந்தன. வாக்கரைப் பிடித்து நின்றேன். வாசல் வரை நடந்தேன்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துக்கு ரிக் வண்டி வந்தது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கம்பரசர் கிளம்பியது. ங்ங்ங் என்று ஏறி ஒரே சுருதியில் நின்றது. மேலே பார்த்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்பிலிருந்து பாதம் வரை கால் கல்லாக இறுகியது. விசில் வரப்போகிறது. கம்பரசர் ஓடுகிறது, எனக்குக் கேட்காது. விழுந்தேன். வாக்கர் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். அம்மா கத்தியதும் கேட்கவில்லை.

முட்டி பந்தாக வீங்கியது. ஐஸ் வைத்தோம். வீக்கம் வற்றிய பிறகு கோட்டைப் பார்த்தேன். முதல் வாரத்துக் கோட்டுக்கே வந்திருந்தது. இத்தனை நாளும் போனது. இனிக் கூட்டிப் போகாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தலையணையைக் கொண்டுவா என்றேன். அம்மா கொண்டுவரவில்லை.

அம்மணி ஊட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் பழுதாகி நின்ற கம்பரசர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அப்பா முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மயில்சாமி. யூசுப். சக்கரம். சாடை. கடைசியில் அம்மணி என் காதருகே வந்து சொன்னார்.

"சதை உங்களக் காப்பாத்தறதா நெனச்சு இறுக்கிப் புடிச்சுக்குதுங்கண்ணா. அதத் திட்டாதீங்க. மூச்ச விட்டுட்டே மெதுவா எறக்கலாம். அந்தச் சாடையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடுங்க. இந்தச் சத்தத்துல நான் கத்தி என்ன ஆவுது?"

சொல்லிக்கொடுத்தேன். கம்பரசர் ஓட ஓட ஆரம்பித்தோம். அவர் உள்ளங்கை மேலே பார்த்தது. மூச்சை வெளியே விட்டேன். குதிகாலை இழுத்தேன். இழுக்கிற வலி. பொறுத்தேன். பிறகு குத்தியது. கையை மூடினேன். அவர் நிறுத்தினார். உடனே நிறுத்தினார். அதுதான் என்னை மாற்றியது என்று நினைக்கிறேன். நான் காட்டிய சாடைக்கு ஒருவர் நின்றார். மறுபடி உள்ளங்கை. மறுபடி மூச்சு. சத்தம் அப்படியேதான் இருந்தது. கால் கொஞ்சம் இளகியது. கோடு திரும்ப நகரப் பல வாரம் ஆனது. ஆனால் நகர்ந்தது.

அந்தத் துளையில் தண்ணீர் வரவில்லை. வெறும் புழுதி. வண்டி போய்விட்டது.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கெட்ட கால் முதலில். ஐப்பசி மழை ஈரத்தில் முட்டி வலிக்கிறது. வலித்தால் ஒத்தடம் கொடுக்கிறேன், பயிற்சியை விடுவதில்லை. இரண்டு நாள் விட்டால் இறுக ஆரம்பிக்கிறது. அது எங்கேயும் போய்விடவில்லை. காத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் விடிந்ததும் அப்பா தரையில் உட்கார்ந்து காலை இழுக்கிறேன். சும்மா இருங்கப்பா என்று சொல்லாதீர்கள்.

போனதை எண்ணி எழுதுகிறேன். மயில்சாமி. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உடம்பு ஊருக்கு வரவில்லை. அங்கேயே யாரோ அடக்கம் செய்தார்கள். தண்ணீருக்கு வந்த பெண்களில் நான்கு பேர். பெயர் தெரியாது. ரிக் வண்டி ஒன்று. என் இடது காது கேட்பதில் பாதி. வலது காலில் ஒரு விரல்கடை உயரம். சம்மணம் போட்டுப் பந்தியில் உட்காருவது. யூசுப் இன்றுவரை போனை எடுக்கவில்லை. அவனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கு மறுபடி வண்டி வந்தது. வேறு இடத்தில் துளை. இந்த முறை தண்ணீர் வந்தது. கம்பரசர் நின்றது. ஆட்கள் சாப்பிடப் போனார்கள். நான் தனியாகப் போனேன்.

தண்ணீர் வண்டியின் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கைத்தடியை மண்ணில் போட்டேன். இரண்டு கையும் வேண்டும். பிடிக்கக் கை கிடையாது. குனிந்தேன். முட்டி மடங்கியது. இழுக்கிற வலிதான். அள்ளினேன். வண்டியின் நீளம் முழுக்கத் தடி இல்லாமல் நடந்தேன். பாதி சிந்திவிட்டது. மிச்சத்தை முன் சக்கரத்தில் ஊற்றினேன். அது மயில்சாமிக்கு. திரும்பப் போனேன். இன்னொரு கை. அது எனக்கு.

யூசுப்புக்கு ஊற்றவில்லை. அவன் வந்து அவன் கையால் ஊற்றட்டும்.