கூழ் ஊத்தற ஞாயிறு

— வெள்ளிக்கெழம வீடியோ கால்ல காட்டுனப்ப, செவ்வாக்கெழம மாத்திரையும் புதன்கெழம மாத்திரையும் டப்பாவுல அப்பிடியே இருந்துச்சு. இப்ப காணோம். எங்கப்பா போச்சு?

— செருப்பக் கூட கழட்டல, அதுக்குள்ள டப்பாவா? தோ பாரு அனு, மொதல்ல உக்காரு. ஸ்ரீபெரும்புதூர்லருந்து நின்னுக்கினே வந்திருப்ப.

— உக்காந்துட்டேன். சொல்லு.

— எங்க போவும், வயித்துக்குள்ளதான் போச்சு. விட்டுப்போன ரெண்டு நாளு, இன்னிக்கி ஒரு நாளு, மூணையும் காலையில சேத்துப் போட்டுட்டேன். நேராயிடுச்சி.

— மூணு நாளு சக்கர மாத்திரைய ஒண்ணாவா? விட்டுப்போனா விட்டுப்போனதுதான், சேத்துப் போடக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்?

— வர வியாழக்கெழம டாக்டராண்ட போவணும்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கறாரு, நல்ல நம்பரா காட்ட வேணாமா? போன தடவ அத்தினி பேர் எதிர்ல, "இன்னா பெரியவரே, மூணு மாசமா கல்யாண விருந்தா"ன்னாரு. மானமே போச்சு. கொழுப்பு எறங்கணும்னு ஒரு மாசமா வடை, போண்டா எதையும் தொடல, தெரியுமா ஒனக்கு?

— வடைய விட்டது சரி. காலையில இன்னா சாப்ட்ட?

— தோ பாரு, அந்த ஜன்னல கொஞ்சம் தொற. புழுக்கமா இருக்குது.

— அப்பா. இன்னா சாப்ட்ட?

— இன்னிக்கி எப்பிடிமா சாப்புடுவேன்? ஆடி ஞாயிறு. காப்பு கட்டிக்கினு நிக்கறேன், கையப் பாரு. கூழுப் பானை கோயிலுக்குப் போயி, அம்மனுக்குப் படைச்சி, தெருவுக்கே ஊத்தி முடிச்சாதான் எனக்கு. அதுவரைக்கும், மாத்திரைக்குன்னு குடிச்ச ஒரு வாய் தவிர, பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது.

— மணி பன்னெண்டேகால்ப்பா!

— தெரியும். போன வருசம் இதே நேரத்துலதான் உங்கம்மா மேல அம்மன் எறங்குனா. எறங்குனவ அவளையும் கூட்டிக்கினு போயிட்டா.

— இப்ப அத விடு. கைய நீட்டு, குத்திப் பாத்துடறேன்.

— காப்பு கட்டுன கையில ரத்தம் காட்டுவாங்களா? போட்டோவுலருந்து அவ பாத்துக்கினு இருக்கா. எல்லாம் நாளைக்கிப் பாத்துக்கலாம்.

— அப்புறம் மீட்டரு எதுக்கு வாங்கிக் குடுத்தேன்? டாக்டரப் பாக்கற நாளு மட்டும் நல்லா இருந்தா போதுமா? நடுவுல இருக்கற தொண்ணூறு நாளும் ஒன்ன யாருப்பா பாக்கறது?

— அவ பாத்துக்குவா.

— யாரு?

— உங்கம்மா. சிரிக்காத. ஒன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அவ வரா அனு.

— எங்க வரா?

— எனக்குள்ள. நேத்து மத்தியானம் சோறு தின்னாம தறியிலயே உக்காந்திருந்தேனா, திடீர்னு கை நடுங்க ஆரம்பிச்சிது. இழை அறுந்துக்கினே இருக்குது, முடி போட முடியல. வேத்துக் கொட்டுது, நெஞ்சு அடிச்சிக்குது. அப்பிடியேதான் அவளுக்கும் அன்னிக்கி ஆரம்பிச்சிது.

— ஐயோ அப்பா...

— பயமே இல்ல எனக்கு. பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கா மாதிரியே இருந்துச்சி. இன்னும் கொஞ்ச நேரம் இருடின்னு சொன்னேன். முன்ன ஒரு தடவ இப்பிடி வந்தப்ப தெரியாம ஒரு துண்டு வெல்லத்த வாய்ல போட்டுட்டேன். பத்து நிமிசத்துல போயிட்டா. அன்னிக்கெல்லாம் அழுதுக்கினே கெடந்தேன். அதுலருந்து அவ வரும்போது நான் எதையும் வாய்ல வெக்கறதில்ல.

— வெல்லம் தின்னதும் போயிட்டாளா?

— ஆமா. சாப்ட்டா போயிடறா.

— எத்தினி வாட்டிப்பா வந்திருக்குது இது மாதிரி?

— நாலு, அஞ்சி இருக்கும். இன்னிக்கி கண்டிப்பா வருவா பாரேன். இன்னிக்கி நின்னு பேசுவா. ஏன்டி என்ன உட்டுட்டுப் போனன்னு ஒரு வார்த்த கேக்கணும். அது மட்டும் கேட்டுட்டா போதும் எனக்கு.

— அப்பா, ஒன் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்குது.

— வெயிலு.

— தலைக்கு மேல ஃபேன் சுத்துது. கைய ஏன் பின்னாடி ஒளிச்சி வெச்சிக்கினு இருக்க? காட்டு. நடுங்குதா? அப்பா! என்னப் பாரு. நான் யாரு சொல்லு?

— பூவம்மா... வந்துட்டியா... இழை... எத்தினி இழை... வெளக்கு...

— நான் அனுப்பா! உக்காரு. செவுத்துல சாஞ்சிக்கோ. எழுந்திருக்காத!

— அண்ணா, பக்கத்துல எங்க ஊட்டு வாசலாண்ட மேளம் வந்துடுச்சி, பானைய எடுக்கலாமா... யம்மாடி! தாயே! வந்துட்டியா தாயே! ஏய், வெளிய யாருடி, வேப்பெலை எடுத்தாங்க! கல்பூரத் தட்டு எங் கையிலயே இருக்குது!

— காமாட்சி அத்த, தட்டக் கீழ வை. சக்கர டப்பா எங்க இருக்குது?

— சக்கரையா? அனுக்கண்ணு, சாமி வந்து நிக்குது, தெரியல? போன வருசம் ஒங்கம்மா, இந்த வருசம் அண்ணன். இந்த ஊட்டு மேல ஆத்தாவுக்கு அத்தினி பிரியம். கால்ல வுழு மொதல்ல! தாயே, எங்க தெருவுல இன்னா கொற சொல்லு தாயே!

— நகரு அத்த! அப்பா, வெரலக் குடு. இழுக்காத, இழுக்காத, ஒரே குத்து... வந்துடுச்சி. நாப்பத்தாறு. பாத்தியா அத்த, நாப்பத்தாறு! எழுவதுக்குக் கீழ போனாலே ஆபத்து.

— ஐயோ, காப்பு கையில ரத்தமா! குடும்பத்துக்கே ஆவாதுடி!

— குடும்பமா? இருக்கறது நானும் அவரும்தான். சக்கர எங்க இருக்குதுன்னு சொல்லப் போறியா இல்லயா?

— மேல் பலகையில... டீத்தூள் பக்கத்துல.

— எடுத்தா! நாலு ஸ்பூன், கொஞ்சூண்டு தண்ணி. ஓடு அத்த, முழுங்கற நெனவு இருக்கும்போதே குடுக்கணும்.

— இந்தா. தாயே, எம் மேல குத்தமில்ல தாயே, இந்தப் பொண்ணுதான் கேட்டா.

— அப்பா, வாயத் தொற. குடி. துப்பாத.

— வெரதம்... அவ போயிடுவா...

— அம்மன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டா. குடிப்பா, ப்ளீஸ்ப்பா. அப்பிடித்தான். இன்னொரு வாய். ராசா இல்ல, இன்னும் ஒரே வாய்.

— சாமிய சக்கரத் தண்ணி குடுத்து அனுப்பறத நான் பாத்ததே இல்லடியம்மா.

— சாமிய நானும்தான் கும்புடறேன் அத்த. இது சாமி இல்ல. சாப்புடாம மூணு நாளு மாத்திரைய ஒண்ணா போட்டா இப்பிடித்தான் ஆவும். லோ சுகர். அம்மாவுக்கு வந்ததும் இதான்.

— வாயக் கழுவு! எத்தினி ஜனம் அவ போட்டோவுக்கு மால போட்டுட்டுப் போவுது! பிள்ளையார்பாளையம் பூரா அவளத் தெய்வம்னு சொல்லுது!

— சொல்லட்டும். அம்மாவும் ஆறு வருசமா சக்கர மாத்திரைதான போட்டுக்கினு இருந்தா? அன்னிக்கி அவளும் காப்பு கட்டிக்கினு பட்டினி. எங்க கம்பெனி கிளினிக்ல ஒரு நர்ஸக்கா. அவங்களாண்ட அம்மா செத்தத சொல்ல ஆரம்பிச்சேன். பாதியிலயே, "வேத்துச்சா, நடுங்குனாங்களா, ஒளறுனாங்களா"ன்னு அவங்களே ஒண்ணொண்ணா கேக்கறாங்க. அப்பதான் தெரிஞ்சிது.

— தெரிஞ்சிக்கினு ஏன்டி எங்களாண்ட சொல்லல?

— எப்பிடி சொல்லுவேன்? அன்னிக்கி காலையில கம்பெனி பஸ்ஸுலருந்து போன் பண்ணி, மாத்திரை போட்டியாமான்னு கேட்டதே நான்தான். இன்னிக்கி ஒரு நாளு வேணாம்டின்னா. திட்டுனேன் அத்த. நான் லைன்ல இருக்கும்போதே போட வெச்சேன். சாப்ட்டியான்னு மட்டும் கேக்கல. "போட்டுட்டேன்டி, போதுமா?"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு தெனமும் காதுல கேக்குது. எந்த பஸ்ஸுல ஏறுனாலும் கேக்குது.

— ஐயோ கண்ணு... அழாதடி. இங்க வா.

— அனு.

— அப்பா! நான் யாரு சொல்லு?

— அனுதான். ஏன் கேக்கற? வாயெல்லாம் இனிக்குது.

— கால் மணி ஆயிடுச்சி. வெரலக் குடு, மறுபடி பாத்துடறேன். எம்பத்தொண்ணு. அப்பாடா. அத்த, ரெண்டு இட்லி எதனா இருந்தா எடுத்தா, இப்ப சாப்புடணும். அப்புறம் டாக்டராண்ட போவலாம். வியாழக்கெழம வரைக்கும் காத்துக்கினு இருக்க முடியாது.

— போயிட்டாளா?

— யாரும் வரலப்பா.

— நீ காமாட்சியாண்ட சொன்னதெல்லாம் கேட்டுச்சி. கெணத்துக்குள்ளருந்து கேக்கறாப்பல கேட்டுச்சி.

— அப்பா, நான் வேணும்னு...

— தோ பாரு, ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. பெத்தவ நல்லா இருக்கணும்னுதான போன் பண்ண? அத விடு. எத்தினி ஸ்பூன் குடுத்த எனக்கு?

— நாலு.

— நாலே ஸ்பூனா?

— ஆமாம்ப்பா.

— காமாட்சி, அன்னிக்கி அவ எவ்ளோ நேரம் ஆடுனா?

— அது... மேளம் வந்ததுலருந்து ஒரு மணி நேரம் இருக்கும்ணா. அப்புறம்தான் சாஞ்சா. ஆட்டோவுல ஏத்தும்போதே பேச்சில்ல.

— ஒரு மணி நேரம். அதுல இன்னா கேட்டா அவ?

— வேணாம்ணா. போனது போச்சு.

— சொல்லு. நீதான பக்கத்துல தட்டு புடிச்சிக்கினு நின்ன.

— பசிக்குதுன்னா. பசிக்குது, பசிக்குதுன்னு அதையே சொல்லிக்கினு இருந்தா. ஆத்தாவுக்குப் பசிக்குது, அடுத்த வருசம் ரெண்டு பானை ஊத்தறோம் தாயேன்னு நாங்க வேண்டிக்கினோம். அடிப்பாவி, நான் இன்னா கண்டேன்? ஆனா அண்ணா, சத்தியமா சொல்றேன், அது பூவம்மா பேசற பேச்சே இல்ல. முப்பது வருசமா அவளத் தெரியும் எனக்கு. அவ அந்த மாதிரி பேச மாட்டா.

— ஆமாம் காமாட்சி. அன்னிக்கி நானும் அதத்தான் சொன்னேன்.

— அப்பிடி இன்னாப்பா பேசுனா அம்மா?

— கட்டிக்கினு வந்த நாளுலருந்து என்ன "இன்னாங்க"ன்றதத் தவிர கூப்புட்டதில்ல. ரேஷன் கடையில புருசன் பேரு கேட்டாக் கூட, நீ சொல்லுடின்னு ஒன்னத்தான் முன்னாடி தள்ளுவா. அன்னிக்கி கூழுப் பானையக் கையக் காட்டி, "பரசுராமா, பசிக்குது, குடுறா"ன்னா. எம் பொண்டாட்டி எம் பேரச் சொல்ல மாட்டா, இது சாமிதான்னு மொதல்ல சொன்னவன் நான்தான். படைக்காத பானையாச்சேன்னு, அத அவ கைக்கு எட்டாத எடத்துல நகத்தி வெச்சவனும் நான்தான்.