ஊசிக்குருவி இல்லை

இல்லைங்க, எங்க வீட்டுக்காரரப் பாத்தா காது கேக்காதவரு மாதிரியே தெரியாது. உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான பதில் சொன்னாரு? பேச்சு நல்லாக் கேக்கும். சன்னமான சத்தம்தான் கேக்கலன்னு எங்க பொண்ணு சொல்றா. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க. சத்தம் வந்தா பட்டன அமுக்கணுமாம். ரொம்ப நேரமா அமுக்கவே இல்லை. உங்க அம்மாவுக்கும் இதே டெஸ்ட்டுதானா? சரி, உக்காருங்க.

என் வீட்டுக்காரரு வனத்துறையில பறவைக் கணக்கு எடுத்தவரு. முப்பத்தோரு வருஷம். சிரிக்காதீங்க, சம்பளம் குடுத்துத்தான் எண்ணச் சொல்றாங்க. எல்லாப் பறவையும் எண்ணுவாரு. ஆனா உசிர விட்டது ஒண்ணு மேலதான். ஊசிக்குருவின்னு நாங்க சொல்லுவோம், புஸ்தகத்துல வேற பேரு இருக்கு. ஒடம்பு உங்க கட்டைவிரல் அளவு, உச்சந்தலையில ஒரு மஞ்சக் கோடு. கொரல் ஊசி மாதிரி அவ்வளவு மெல்லிசு.

பாசியையும் சிலந்தி நூலையும் சேத்து, கிளை நுனியில ஒரு குட்டிக் கிண்ணம் தொங்க விடும். அதுல பத்து முட்டை. எல்லா முட்டையும் சேந்தா அம்மாவவிட எடை ஜாஸ்தி. வயித்தால மூட முடியாம, கால முட்டைக்கு நடுவுல விட்டு, காலாலயும் சூடு குடுக்குமாம். குளிர்காலத்துல பொழுதுக்கும் பூச்சி தேடித் தின்னுக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் வயிறு காஞ்சா மறுநாள் இருக்காது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, சாப்பிட உக்காந்தா இந்தப் பேச்சுதான். நான் முழுகாம இருந்தப்பகூட அந்தக் குருவியோட வயித்தப் பத்தித்தாங்க பேசினாரு மனுஷன்.

கண்ணால எண்ணவே முடியாது அத. மரத்து உச்சியில, இலைக்குள்ளயே இருக்கும். காதுதான் கருவி. விடிஞ்சதும் காட்டுக்குள்ள போயி, ஒவ்வொரு எடத்துலயும் பத்து நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு நிக்கணும். கேட்டா ஒரு கோடு, கேக்கலன்னா இல்லைன்னு எழுதணும். முட்டி வலி வந்தப்புறம், கூட ஆள் போடச் சொல்லிக் கேட்டாரு, ஆபீஸ்ல குடுக்கல. நான் போனேன். பிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு, நேரம் பாத்துச் சொல்லிக்கிட்டு.

அப்படிப் போன முதல் வருஷமே ஊசிக்குருவி இல்லைன்னு எழுதினாரு. வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. அடுத்த வருஷமும் இல்லை. சட்டையக்கூட மாத்தாம ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாரு. என் காலத்துலயே போயிடுச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அவரு அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

மூணு வருஷம் தொடர்ந்து இல்லைன்னு போச்சுன்னா, அந்தக் குருவிக்காக மரத்த வெட்டக்கூடாதுன்னு காட்டுக்கு இருந்த காவல எடுத்துடுவாங்க. எடுத்துட்டாங்க. இப்ப ரோடு போடுறாங்க. ஆமா, அதே ரோடுதான், நீங்க வந்த வழியில பாத்திருப்பீங்க. மரம் அறுக்கிற மெஷின் எங்க வீட்டு வரைக்கும் கேக்குது. அது அவருக்கு நல்லாக் கேக்குதுங்க. காலையில ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயி கதவ சாத்திக்குவாரு. ரோடு போடுற எஞ்சினியர்கிட்ட நான் போயிக் கேட்டேன். கையெழுத்தெல்லாம் முடிஞ்சு போச்சும்மா, இனிமே யாரு வந்தும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. பாதிக் காடு படுத்தாச்சு.

இங்க எப்படி வந்தோம்னா, போன வாரம் அவருக்குக் காய்ச்சல். எங்க பொண்ணு தெர்மாமீட்டர அக்குள்ள வச்சா. அது பீப் பீப்னு கத்தி ஓஞ்சே போச்சு, இவரு இன்னும் இடுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்பா, சத்தம் கேக்கலையான்னா. எந்தச் சத்தம்னாரு. அவ என்னப் பாத்தா. நான் அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்துல டெஸ்ட் எடுக்கிற பொண்ணு ஒரு பேப்பரக் கையில குடுக்கும். எந்தச் சத்தம் கேக்கலன்னு அதுல கோடு போட்டுக் காட்டுவாங்களாம். அவரு முட்டாள் இல்லீங்க. பாத்த ஒடனே கணக்குப் போட்டுடுவாரு, எந்த வருஷத்துலேர்ந்துன்னு.

தண்ணியா? வேணாங்க, பரவால்ல.

முதல் வருஷம் காட்டுல அவருகிட்ட சொன்னேன். ஏதோ கேட்ட மாதிரி இருக்கேன்னு. உனக்கு நெனப்புன்னு சிரிச்சாரு. அவரு பெரிய ஆளு, நான் பிளாஸ்க் தூக்க வந்தவ. சரி, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன். ரெண்டாம் வருஷம் நெனப்பு இல்லைன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா எப்படிங்க சொல்றது? குருவி போச்சுன்னே இந்த அழுகை அழுறவரு. குருவி இருக்கு, உங்க காதுதான் போச்சுன்னு எந்த வாயால சொல்றது? இன்னும் ஒரு வருஷம், ரிட்டயர் ஆயிட்டா ஆச்சு, ஒரு தாள்ல எழுதுறதுதானன்னு நெனச்சேன்.

மூணாம் வருஷம் கடைசி எடம். பத்து நிமிஷம் ஆச்சுன்னு சொன்னேன். கண்ணத் தொறந்தாரு, இல்லைன்னு எழுதினாரு. கூட வந்தவங்க கையெழுத்துன்னு கீழ ஒரு எடம் இருக்கு, பேனாவ எங்கிட்ட நீட்டினாரு. போட்டேன். நான் போட்டு முடிக்கிற வரைக்கும் அது எங்க தலைக்கு மேலதாங்க பாடிக்கிட்டிருந்துச்சு.